வீட்டை விட்டு 24 மாதம்

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் இருவரும் சந்தைக்குப் போய்த் திரும்பினால், அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது. வீடோ ஆறாவது மாடியில். பத்துக் கிலோ அரிசி மூட்டையும் இரண்டு பை காய்கறியுமாகப் படிக்கட்டின் அடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் அந்தப் பக்கமாக வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின் மேல் கறுப்பு நிறப் பெயர்ச் சின்னம், முதுகில் பை. எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். "கொடுங்கள் அங்கிள், நாங்கள் தூக்கி வருகிறோம்" என்று ஆங்கிலத்தில் கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒருவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மற்றவன் பைகளை வாங்கிக்கொண்டான்.

வீடு வரை வந்து உதவியவர்களை அப்படியே அனுப்ப முடியுமா? என் தங்கை உட்காரச் சொல்லி, பால் ஊற்றித் தேநீர் கலக்கிக் கொண்டுவந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மன்னிக்க வேண்டும். நாங்கள் தேநீரும் காப்பியும் குடிப்பதில்லை. தண்ணீர் போதும்" என்றார்கள்.

தங்கை முகம் வாடிவிட்டது. "என்ன அண்ணே, நம்ம வீட்டுல வாய் நனைக்க மாட்டாங்களாமா?" என்று தமிழில் என்னைக் கேட்டாள். நான் விசாரித்தேன். அது வீட்டைப் பார்த்து வந்த மறுப்பு அல்ல, அவர்களுடைய சமயக் கட்டுப்பாடாம். மது, புகையிலை, தேயிலை, காப்பி இவற்றைத் தொடுவதில்லை. 1833-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குள் இருந்துவரும் போதனையின்படி நடக்கிறார்கள். "மைலோ குடிப்பீர்களா தம்பி?" என்றேன். இருவர் முகமும் மலர்ந்தது. ஆளுக்கு இரண்டு குவளை குடித்தார்கள்!

ஒருவனுக்கு 19 வயது, மற்றவனுக்கு 20. "அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாகிறது?" என்று இளையவனிடம் கேட்டேன். "14 மாதம். இன்னும் 10 மாதம் இருக்கிறது" என்று சட்டென்று சொன்னான். விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவுமில்லை. கணக்கு அவன் நாக்கு நுனியிலேயே இருந்தது.

அந்தப் பதிலைக் கேட்டதும், எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பையனின் நினைவு வந்தது. அவன் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த இரண்டு பிள்ளைகளும் எதற்காக வீட்டை விட்டு வந்தார்கள், எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று கேட்டதையும் பின்னர் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யார் இவர்கள்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1830-ஆம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவர் ஒரு சபையைத் தொடங்கினார். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அதன் பெயர். பைபிளோடு 'மோர்மன் நூல்' என்ற நூலையும் இவர்கள் வேதமாகக் கொள்வதால், ஊரார் இவர்களை மோர்மன்கள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். முழுப் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும் என்று 2018-இல் சபைத் தலைவராக இருந்த ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆனாலும் பழைய பெயர்தான் பலர் வாயில் வருகிறது. சபையின் தலைமையகம் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரத்தில் இருக்கிறது.

மற்றக் கிறிஸ்துவத் திருச்சபைகளுக்கும் இவர்களுக்கும் கொள்கையில் பல வேறுபாடுகள் உண்டு. அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். நம்மில் பலர் மாரியம்மன் கோயிலுக்கும் முருகன் கோயிலுக்கும் போகிறவர்கள். இந்த இளைஞர்கள் தங்கள் சமயத்தில் நம்மைச் சேர்ப்பதற்காகத்தான் வருகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் பேச வந்தது சமயத்தைப் பற்றியல்ல. 18 வயதுப் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பும் முறையைப் பற்றி.

இந்தச் சபையில் ஓர் ஆண்பிள்ளைக்கு 18 வயதாகிவிட்டால், இரண்டு ஆண்டுகள் சமயப் பணிக்குப் போவது அவனுடைய கடமையாகக் கருதப்படுகிறது. 2012-ஆம் ஆண்டு வரை அந்த வயது 19 ஆக இருந்தது. பெண்பிள்ளைகளும் போகலாம்; அவர்களுக்குக் கடமை என்றில்லை, விருப்பம்தான். அவர்களுக்கு 18 மாதம். இன்று உலகம் முழுவதும் 70,000-க்கு மேற்பட்டோர் இப்படிப் பணியில் இருக்கிறார்கள். ஆண்களை 'எல்டர்' என்றும் பெண்களை 'சிஸ்டர்' என்றும் குடும்பப் பெயரோடு சேர்த்து அழைக்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அழைக்க அங்கே யாரும் இல்லை.

கடிதம் வருகிறது

எந்த நாட்டுக்குப் போவது என்பதைப் பையன் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் எழுதுகிறான், மருத்துவச் சோதனைக்குப் போகிறான், ஊர்ச் சபைத் தலைவர் அவனை அழைத்துப் பேசுகிறார். பிறகு காத்திருக்கிறான். தலைமையகத்திலிருந்து அழைப்பு வரும். முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறையில் தபாலில் வந்தது. பாட்டன் பாட்டி, மாமன் அத்தை எல்லாரும் கூடியிருக்க, பையன் உறையைப் பிரித்து உரக்கப் படிப்பான். பெரு நாடோ, பிலிப்பீன்சோ, பக்கத்து மாநிலமோ, அந்த நிமிடத்தில்தான் அவனுக்கும் தெரியும், அவன் தாய்க்கும் தெரியும். 2018 முதல் கணினி வழியாக வருகிறது. கூடி உட்கார்ந்து படிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அழைப்பில் மொழியும் குறிப்பிட்டிருக்கும். யூட்டாவின் புரோவோ நகரில் இவர்களுக்குப் பெரிய பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. மொழியின் கடினத்தைப் பொறுத்து, சில வாரங்கள் முதல் இரண்டு மாதம் வரை பயிற்சி. முதல் நாளிலிருந்தே கற்கும் மொழியில்தான் பேச முயல வேண்டும். சோறு கேட்பதும் அந்த மொழியில்தான், கடவுளை வேண்டுவதும் அந்த மொழியில்தான். தப்பாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. எல்லாரும் தப்பாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்! ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஜப்பானில் ஒரு நாள்

யூட்டாவின் பையன் ஒருவனுக்கு ஜப்பான் என்று அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய வாடகை வீடு. அவனும் அவனுடைய துணையாளும். சில இடங்களில் நான்கு பேர் சேர்ந்திருப்பார்கள்.

காலை 6.30-க்கு எழுந்திருக்க வேண்டும். விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்கும் நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அங்கே எழுப்பிவிட அம்மா இல்லை, அதட்ட தண்டல் இல்லை, சம்பளம் பிடிக்கக் கிராணியும் இல்லை. தானாக எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளித்து, தானே சமைத்துச் சாப்பிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, 8 மணிக்குப் படிக்க உட்கார வேண்டும். முதலில் தனியாக வேதப் படிப்பு. பிறகு துணையாளோடு சேர்ந்து படிப்பு. அதன் பிறகு ஜப்பானிய மொழி. அந்த மொழிக்கு மூன்று வகை எழுத்துகள். வயதில் மூத்தவரிடம் ஒருவிதமாகவும் நண்பனிடம் ஒருவிதமாகவும் பேச வேண்டும். 'நீ', 'நீங்கள்' என்று மரியாதை பார்த்துப் பேசும் நமக்கு அது புரியும். அமெரிக்கப் பையனுக்கு அது புதுப் பாடம்.

பிறகு தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறார்கள். மழையோ, பனியோ, ஆகஸ்ட் மாத வெயிலோ, சைக்கிள்தான். ஒரு வீட்டின் மணியை அழுத்தினால், உள்ளிருந்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் "வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லும். அடுத்த வீடு. அங்கேயும் அதே பணிவான "வேண்டாம்". சில வீடுகளில் குரலே வராது; திரைச்சீலை மட்டும் அசையும். ஒரு தெரு முழுவதும் இப்படியே முடிந்துவிடும். ரயில் நிலையத்துக்கு முன் நின்று, போகிறவர் வருகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

அபூர்வமாக ஒரு வீட்டில் உள்ளே கூப்பிடுவார்கள். வாசலில் காலணியைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு ஏற வேண்டும். காலுறையில் ஓட்டை இருந்தால் மானம் போயிற்று! பச்சைத் தேநீர் வைப்பார்கள். என் தங்கை வீட்டில் நடந்த சங்கடம் அங்கே தினமும் நடக்கும். ஆனால் வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து ஜப்பானியர் குடிக்கும் ஒரு பானம் இருக்கிறது. அதில் தேயிலை இல்லை என்பதால் அதை ஆசையோடு வாங்கிக் குடிக்கிறார்கள். மறுப்பதை எப்படி மனம் நோகாமல் மறுப்பது என்பதை அந்தப் பையன் ஜப்பானியரிடமிருந்தே கற்றுக்கொள்கிறான்.

எல்லா நேரமும் சமயம் பேசிக்கொண்டிருப்பதில்லை. இலவசமாக ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். வயதானவர்களுக்கு வீடு மாற்ற உதவுகிறார்கள். மாலையில் சபையைச் சேர்ந்த குடும்பம் ஏதாவது சாப்பிட அழைத்தால், அன்று நல்ல சோறு. இரவு 9 மணியளவில் வீடு திரும்பி, மறுநாள் யாரைப் பார்ப்பது என்று எழுதி வைத்துவிட்டு, 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017 முதல் அந்தந்த நாட்டுப் பழக்கத்துக்கு ஏற்ப நேரத்தைச் சற்று மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாளின் பெரும்பகுதி மட்டும் சொந்த வேலைக்கு. துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, மளிகை வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். பணிக்காலம் முடியும் வரை சினிமா இல்லை, காதல் இல்லை. நீச்சல்கூட இல்லை.

துணையாள்

இவர்கள் எங்கே போனாலும் இருவராகவே போகிறார்கள். குளியலறையைத் தவிர மற்ற இடங்களில் ஒருவரை ஒருவர் பார்வையிலிருந்து விடக்கூடாது என்பது விதி. யார் துணை என்பதும் அவர்கள் விருப்பம் அல்ல. அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பாக, மனைவியோடு மூன்று ஆண்டுகள் வந்து தங்கியிருக்கும் தலைவர் ஒருவர் முடிவு செய்கிறார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றம் வரலாம். வந்தால் இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு, வேறு துணையோடு.

புதிதாக வருபவனுக்கு முதல் துணையாக அனுபவப்பட்ட ஒருவனைக் கொடுக்கிறார்கள். கடையில் எதை வாங்குவது, எந்த ரயிலில் ஏறுவது, அழுகை வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் அவன்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவனுக்கும் வயது 19 அல்லது 20-தான். அவனைத் தங்களுக்குள் வேடிக்கையாக 'அப்பா' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

முன்பின் தெரியாத இருவர் ஒரே அறையில் இருந்தால் சண்டை வராதா? வரும். ஒருவன் குறட்டை விடுவான். ஒருவன் பாத்திரத்தைக் கழுவாமல் போடுவான். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த வாரம் மனத்தில் இருந்த குறைகளை நேருக்கு நேர் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தைக் கேட்ட என் தங்கை, "இதை முதல்ல உங்க மச்சானுக்குச் சொல்லுங்க அண்ணே" என்றாள்.

சாத்திய கதவுகள்

நேயர்களே, இரண்டு ஆண்டு உழைப்புக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். ஆட்களை எண்ணிப் பார்த்தால், பல பேருக்கு மிகச் சிறிய பலன்தான். ஜப்பானுக்கு இந்தச் சபையார் முதன்முதலில் போனது 1901-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நால்வர் யோக்கோஹாமா துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் அல்மா டெய்லருக்கு அப்போதுதான் 19 வயது நிறைந்திருந்தது. அவர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து மொழியைக் கற்றார்; மோர்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அது 1909-இல் வெளிவந்தது. அத்தனைக்குப் பிறகும், 1924-இல் அங்கே பணியை மூடியபோது, சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. மீண்டும் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-இல்தான். இன்று அங்கே இலட்சத்துக்கு மேற்பட்டோர் உறுப்பினர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். அதைக் காணும் முன்பே டெய்லர் காலமாகிவிட்டார்.

2012-இல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற மிட் ராம்னியும் இப்படிப் போனவர்தான். 1966-இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். மது விரும்பிக் குடிக்கும் நாட்டில், மதுவைத் தொடாதே என்று சொல்லும் சமயத்தை எடுத்துக்கொண்டு போனால் வரவேற்பு எப்படி இருக்கும்? 1968-இல் அவர் ஓட்டிய கார் மீது எதிரே வந்த கார் மோதி, உடன் வந்த வட்டாரத் தலைவரின் மனைவி இறந்துபோனார். ராம்னியும் இறந்துவிட்டதாகவே முதலில் நினைத்தார்கள். அவருக்கு அப்போது 21 வயது. பிழைத்து எழுந்து, மிச்சப் பணியையும் முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

பணம் யார் கொடுக்கிறார்கள்?

சம்பளம் கிடையாது. அதுமட்டுமல்ல, போகிறவனும் அவன் குடும்பமும்தான் பணம் கட்ட வேண்டும்! அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 2020 முதல் மாதம் 500 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்தில் ஒருவர் மாதம் முழுவதும் உழைத்து வாங்கும் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட அது அதிகம். 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 12,000 டாலர். வசதியில்லாத நாட்டுப் பிள்ளைகளுக்குச் சபை உதவுகிறது. பணம் எல்லாம் பொதுவில் சேர்ந்து, செலவு அதிகமான நாட்டில் இருப்பவனுக்கும் குறைவான நாட்டில் இருப்பவனுக்கும் அந்தந்த ஊருக்கு ஏற்றபடி மாதச் செலவுக்குக் கொடுக்கப்படுகிறது. 1991-க்கு முன் இந்தச் சமன் முறை இல்லை. பையனுக்கு விலைவாசி அதிகமுள்ள நாடு கிடைத்தால், வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

ஆகையால் பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே உண்டியல் வைத்துவிடுகிறார்கள். புல் வெட்டிய கூலி, பேப்பர் போட்ட கூலி எல்லாம் அதில் விழும். பத்து ஆண்டு கழித்துப் போகப்போகும் பயணத்துக்கு எட்டு வயதிலேயே காசு சேர்க்கிறான். போகும்போது அது அவனுடைய பணம்.

அம்மா காத்திருக்கும் நாள்

2019 பிப்ரவரி வரை, ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டோடு தொலைபேசியில் பேசலாம்: கிறிஸ்துமஸ் அன்றும், அன்னையர் தினத்தன்றும். மற்ற நாளெல்லாம் கடிதம், பிற்காலத்தில் மின்னஞ்சல். இரண்டு ஆண்டில் நான்கு முறை மகன் குரலைக் கேட்ட தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். இப்போது வாரம் ஒரு முறை பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். அந்த நாள் வந்துவிட்டால் யூட்டாவில் ஒரு வீடு முழுவதும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

பெற்றவர்கள் அருகில் இல்லாத இடத்தில் யாராவது தாயாகிறார்கள் என்பதற்கு இந்தச் சபையின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு.

ஜோசப் எஃப். ஸ்மித் என்றொரு சிறுவன். சபையைத் தொடங்கியவரின் தம்பி போலவே எண்ண வேண்டாம். அவருடைய அண்ணன் ஹைரமின் மகன். ஐந்து வயதில், 1844-இல், தந்தையை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 13 வயதில் தாயும் போய்விட்டாள். தங்கையை வாத்தியார் தோல்வாரால் அடிக்க வந்தபோது குறுக்கே பாய்ந்து வாத்தியாரையே அடித்துவிட்டான் என்று பள்ளியிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். வாத்தியாரான எனக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிறுவன் பக்கம்தான் என் மனம் போகிறது. 1854-இல், 15 வயதில், அவனை ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பினார்கள். வழியில் கலிபோர்னியாவில் கூலி வேலை செய்து கப்பல் கட்டணம் சேர்த்துக்கொண்டு போனான்.

போன இடத்தில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டான். மொழி தெரியாது, பார்க்க ஆளில்லை. ஹவாய்ப் பெண்மணி ஒருவர் அவனைத் தன் வீட்டில் வைத்து, தன் பிள்ளைபோல் பார்த்துக் காப்பாற்றினார். அவன் அந்த மக்களின் மொழியை அவர்களைப் போலவே பேசக் கற்றான்.

ஆண்டுகள் உருண்டன. அந்த அநாதைச் சிறுவன் 1901-இல் சபைக்கே தலைவரானார். ஒரு முறை பரிவாரத்தோடு ஹோனலூலுவுக்குப் போய் இறங்கியபோது, மக்கள் மாலையும் பாட்டுமாக வரவேற்றார்கள். அந்தக் கூட்டத்தில், கண் பார்வை போன ஒரு தொண்டுக் கிழவி, கையில் சில வாழைப்பழங்களோடு அவர் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தார். தலைவர் ஓடிப்போய்க் கிழவியைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதார். காய்ச்சலில் கிடந்தபோது காப்பாற்றிய அதே பெண்மணி. கொண்டுவர அவரிடம் இருந்தது அந்தப் பழங்கள்தான்.

பாதியில் திரும்பியவர்கள்

எல்லாரும் 24 மாதத்தை முடிப்பதில்லை. உடம்பு முடியாமல், மனம் தளர்ந்து, அல்லது இந்த நம்பிக்கையே எனக்கு இல்லை என்று உணர்ந்து, பாதியில் திரும்புகிறவர்களும் உண்டு. விமான நிலையத்தில் பதாகையும் பலூனுமாக வரவேற்கும் ஊரில், அவர்கள் சத்தமில்லாமல் வந்து இறங்குகிறார்கள். கோயிலில், அதாவது அவர்கள் சபைக் கூடத்தில், எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பதாகக் கூனிக் குறுகுகிறார்கள். அந்த வேதனை போன இடத்து வேதனையைவிடப் பெரிது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் சபையும் இதை உணர்ந்து, வெளியூர் போக உடல்நலமோ மனநலமோ இடம் கொடுக்காத பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே தொண்டு செய்ய வழி வைத்திருக்கிறது.

இப்போது என் மாணவன் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். கணக்கில் கெட்டி. ஐந்தாம் படிவம் முடித்ததும், 18 வயதில், எல்லை தாண்டித் தொழிற்சாலை வேலைக்குப் போனான். ஒரு பை, யாரோ கொடுத்த ஒரு தொலைபேசி எண், தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொஞ்சம் பணம். அவ்வளவுதான். தங்குமிடத்தில் பன்னிரண்டு பேர். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. இரவு வேலை. வீட்டுக்குப் பேசினால் அழுதுவிடுவோம் என்று பேசாமலே இருந்துவிட்டான். மூன்றாவது மாதம் இரவுப் பேருந்தில் ஏறித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான்.

லயத்தில் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "என்னடா, அதுக்குள்ள வந்துட்டே?" கோயில் திருவிழாவுக்குக்கூட அவன் வெளியே வரவில்லை. ஒரு நாள் கடைப் பக்கம் அவனைப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன்? நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அமெரிக்கப் பையன்களும் அவனும் ஒரே வயது. அவர்கள் புறப்படுவதற்குப் பத்து ஆண்டு முன்பே உண்டியல் வைத்தார்கள்; போகுமிடத்து மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள்; பக்கத்தில் ஒரு துணையை நிறுத்தினார்கள்; எழுதுவதற்கென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினார்கள். அப்படியிருந்தும் சிலரால் முடியவில்லை. நாம் எதையுமே கொடுக்காமல் அனுப்பிவிட்டு, ஏன் திரும்பினாய் என்று கேட்கிறோம்.

பெற்றோர்களே, தோட்டத்தில் வேலை குறைந்துவருகிறது. நம் பிள்ளைகள் வெளியே போகத்தான் போகிறார்கள். அவர்கள் சமயத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுப்பும் முறையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளலாம். இன்றே ஓர் உண்டியல் வையுங்கள். சோறு வடிக்கவும் சட்டை துவைக்கவும் மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். மலாய், ஆங்கிலம் பேசும்போது தப்பு வந்தால் சிரிக்காதீர்கள். தனியாக அனுப்பாமல், அங்கே முன்பே போன ஒரு தோட்டத்துப் பிள்ளையோடு சேர்த்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கட்டாயம் பேச வேண்டும் என்று நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். பாதியில் வந்துவிட்டால், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். மற்றக் கேள்விகளுக்கு நாள் இருக்கிறது.

என் மாணவன் இப்போது செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறான். என்னைக் கண்டால் "வணக்கம் சார்" என்பான்; நின்று பேசமாட்டான். இந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அன்று கடைவாசலில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் தாய் தேநீர் கலக்கித் தந்தால், உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வருவேன்.